சைடுமவுண்ட்: சிலிண்டரின் வால் மேலே எழும்புகிறது, எத்தனை கிலோ ஈயம் கட்டலாம்?

உப்புக்காற்று, 2024 ஜனவரி 6, இரவு 9.40

சிலிண்டர்களை முதுகில் சுமக்காமல் உடம்பின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு மூழ்கும் சைடுமவுண்ட் முறைக்கான பழைய ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பட்டைகள்) ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் இரண்டு, 3 மில்லிமீட்டர் வெட்சூட் (ரப்பர் மூழ்குடை), ஊர் தூத்துக்குடி. இறங்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சிலிண்டரின் காற்றழுத்தம் 100 பாருக்குக் கீழே வந்ததும் சிலிண்டர்களின் அடிப்பக்கம் எழும்பி என் பின்புறத்துக்கு மேலே நிற்கிறது. இடது சிலிண்டர் இன்னும் மோசம், தானாக உருளவும் செய்கிறது. கால்கள் தாழ்கின்றன. இடுப்பில் 2 கிலோ ஈயம் கூட்டினேன். கால் மேலும் தாழ்ந்ததுதான் மிச்சம். இன்னும் எத்தனை கிலோ கட்ட வேண்டும்?

கிணற்றுத்தவளை, ஜனவரி 7, காலை 6.15

கூட்டிய ஈயத்தை அவிழ்த்துக் கரையில் வையுங்கள். எத்தனை கிலோ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் சிலிண்டரில் பழுது எதுவும் இல்லை. 200 பாரில் 11.1 லிட்டர் சிலிண்டருக்குள் 2,220 லிட்டர் காற்று இருக்கிறது. காற்று லிட்டருக்கு 1.2 கிராம். பெருக்கினால் 2.6 கிலோவுக்கு மேல் வருகிறது. நிறைந்த அலுமினியச் சிலிண்டர் அரைக் கிலோவுக்குச் சற்று மேலான எடையோடு தண்ணீரில் மூழ்கும். காற்று தீரத் தீர அதே சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். காலியானால் 2 கிலோவுக்கு நெருக்கமான விசையோடு மேலே இழுக்கும். வால்வுப் பக்கம் பித்தளையும் மூச்சுக்கருவியான ரெகுலேட்டரும் உட்கார்ந்திருப்பதால் அந்த முனை எழும்பாது. வால்தான் எழும்பும். எஃகுச் சிலிண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கடைசிவரை மூழ்கியே கிடக்கும். அதற்கு வேறு தொல்லைகள் உண்டு.

செய்ய வேண்டியது இரண்டு. 140 பார் வாக்கில், வால் எழும்ப ஆரம்பிக்கும் முன்பே, அடிக்கொக்கியை இடுப்பின் பின்பக்கத்திலிருந்து கழற்றி, இடுப்புப் பட்டையின் முன்பக்க டி வளையத்துக்கு மாற்றுங்கள். வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டால் வால் மேலே போக வழியில்லை. அடுத்தது, அக்குள் வழியாக வந்து வால்வைப் பிடிக்கும் எலாஸ்டிக் கயிற்றை இறுக்குங்கள்.

கடல் இல்லாத ஊர்க்காரன் எதற்கு வாய் திறக்கிறான் என்று கேட்பவர்களுக்கு: நான் மதுரை. மஸ்கட்டில் ஆறு வருடம் குளிர்சாதன வேலை, வெள்ளிக்கிழமை என்றால் கடல். ஊர் திரும்பியபோது பெட்டியில் பாத்திரம் பண்டத்துக்குப் பதிலாக ஹார்னஸ் இருந்தது. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். இப்போது அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் மாமாவின் கிணறுதான் எனக்குக் கடல். பெயருக்குக் காரணமும் அதுவே.

கிணற்றுத்தவளை, ஜனவரி 7, இரவு 10.50

கால் தாழ்வதைப் பற்றிக் காலையில் எதுவும் சொல்லவில்லை.

அப்பா தராசு பழுதுபார்ப்பவர். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளின் தராசுகள் பாதி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும். அவர் கண்ணில் மூழ்கிக் கிடக்கும் மனிதன் ஒரு துலாக்கோல். உடம்பைத் தூக்குவது நுரையீரலும், மிதப்புக்காக ஊதும் காற்றுப்பையும். அவை மார்பு, முதுகுப் பக்கம். கீழே இழுப்பது எல்லா எடையும் சேர்ந்து ஓரிடத்தில். இந்த இரண்டு புள்ளியும் மேலும் கீழுமாக ஒரே செங்குத்துக்கோட்டில் வந்தால் கிடையாக நிற்பீர்கள். இழுக்கும் புள்ளி காலை நோக்கி இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் கால் தாழும். நீங்கள் இடுப்பில் ஈயம் கட்டியது, தாழ்ந்த தட்டிலேயே இன்னொரு படிக்கல்லை வைத்த கதை.

சோதனை சுலபம். தண்ணீருக்குள் துடுப்படிக்காமல், கையை அசைக்காமல், அரை நிமிடம் சும்மா கிடங்கள். எந்தப் பக்கம் முதலில் தாழ்கிறதோ அந்தப் பக்கத்து எடையை எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். நீந்திக்கொண்டே இருந்தால் உதைப்பு எல்லாத் தவற்றையும் மூடி மறைத்துவிடும்.

கிணற்றுத்தவளை, ஜனவரி 9

டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரில் சிலிண்டரை நிரப்பலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். இதற்குப் பொதுவிலேயே பதில் சொல்கிறேன். அந்தக் கம்பிரசர் பத்து பார் அளவில் மூச்சுவாங்கி நின்றுவிடும், நமக்கு வேண்டியது 200. அது முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்த காற்று உள்ளே போகும். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அதன் நஞ்சும் கூடும். செய்யாதீர்கள். நான் கடற்கரை வரை காரில் போய், மூச்சுக்காற்றுக்கென்றே உள்ள கம்பிரசரில் நிரப்பிக்கொண்டு வருகிறேன். ஒருமுறை நிரப்பினால் கிணற்றில் மூன்று ஞாயிறு ஓடும்.

இன்னொன்று. கிணறுதானே என்று தனியாக யாரும் இறங்க வேண்டாம். என்னோடு இறங்குபவர் மஸ்கட்டில் என்னுடனேயே பயிற்சி முடித்த திருமங்கலத்து நண்பர். அழுத்தக்காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிய பத்தடித் தண்ணீர் போதும். அப்புறம் மோட்டார். இறங்குவதற்கு முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மாமாவிடம்கூடக் கொடுக்க மாட்டேன், என் சட்டைப்பையில் போட்டு, சட்டையைக் கார் டிக்கியில் பூட்டிவிடுவேன். மாமாவுக்கு இதில் வருத்தம் உண்டு. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் பழைய கிணறாக இருந்தால் முதலில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் தாத்தாக்களுடையது; விளக்கு அணைந்தால் அங்கே மனிதனுக்கும் மூச்சில்லை.

கிணற்றுத்தவளை, ஜனவரி 14

போகி. பழையதைக் கொளுத்த நல்ல நாள். 7ஆம் தேதி எலாஸ்டிக் கயிற்றை இறுக்கச் சொன்னேன் அல்லவா, அதைக் கொளுத்திவிடுங்கள்.

இன்று கிணற்றில் 25 அடித் தண்ணீர். பச்சை நிறம், ஆறடிக்கு மேல் கண் தெரியவில்லை. நண்பர் பக்கவாட்டில் நின்று கேமராவில் படம் பிடித்தார். உங்களுக்குச் சொல்லும் முன் நானே இறுக்கிப் பார்த்திருக்க வேண்டும், இன்றுதான் பார்த்தேன். வால்வு அக்குளுக்குப் பின்னால் ஏறி முதுகில் முட்டியது. கையைத் தலைக்கு மேல் நீட்ட முடியவில்லை. வால் எழும்புவது துளியும் குறையவில்லை. படத்தில் நான் தவிலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பவனைப்போல் இருக்கிறேன்.

அந்தக் கயிற்றின் வேலை வால்வை விலாவோடு அணைத்துப் பிடிப்பது மட்டும். சிலிண்டர் தலைப் பக்கம் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சிலிண்டரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கட்டிய, அடிக்கொக்கியின் கயிற்றைப் பிடித்திருக்கும் பட்டை. இடுப்பில் கொக்கி மாட்டும் இடம் அசையாது. ஆகவே பட்டை சிலிண்டரின் அடியை நோக்கி இறங்கினால் சிலிண்டர் முழுவதும் தலையை நோக்கி முன்னே போகும். பட்டை வால்வை நோக்கி ஏறினால் சிலிண்டர் பின்னே வழிந்து தொடையைத் தட்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மஸ்கட்டில் ஒரு வருடம் ஆனது, மறக்க ஒரு வாரம் போதுமாக இருந்திருக்கிறது.

உங்களுக்குக் கால் தாழ்கிறது. பட்டையை ஓர் அங்குலம் கீழே இறக்குங்கள். சிலிண்டரும் ஓர் அங்குலம் முன்னே போகும், அதுவும் இரண்டு பக்கமும்.

உப்புக்காற்று, ஜனவரி 17

பட்டையை இறக்கினேன். கால் நிமிர்ந்துவிட்டது, நன்றி. கொக்கியை முன்னே மாற்றியதும் வலது பக்கம் சொன்னபடி கேட்கிறது. இடது பக்கம் இன்னும் உருள்கிறது.

கிணற்றுத்தவளை, ஜனவரி 18

நேற்று ஊரில் ஜல்லிக்கட்டு, கிணற்றுக்குப் போகும் பாதையெல்லாம் வண்டியும் கூட்டமும். வாடிவாசலிலிருந்து வெளியே வரும் காளையைப் பார்த்தபோது புத்தி இதற்குத்தான் போயிற்று: திமில் தோளுக்கு மேல் இருக்கிறது, இடுப்பில் இல்லை. நாம் கட்டும் ஈயமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற மாமன் மகனிடம் சொன்னேன். “அத்தான், மாட்டைப் பாருங்கள்” என்றான்.

இடது சிலிண்டருக்குப் படம் அனுப்புங்கள். வால்வுப் பக்கத்திலிருந்து, இரண்டையும் அருகருகே வைத்து.

கிணற்றுத்தவளை, ஜனவரி 28

படம் பார்த்தேன். சிரிக்கக் கூடாது, ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன்.

இரண்டு சிலிண்டரிலும் பட்டையை அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி கட்டியிருக்கிறீர்கள். வலது கையுறையை இரண்டு கைக்கும் போட்டதற்குச் சமம். சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். கொக்கிக் கயிறு உடம்பைப் பார்த்திருந்தால் சிலிண்டர் அமைதியாக இருக்கும். உங்கள் இடது பக்கத்தில் அது வெளியே பார்த்துக்கொண்டு இருக்கிறது. காற்று தீர்ந்து வால் எழும்ப ஆரம்பித்ததும் கயிறு இறுகி, சிலிண்டரைத் திருகு மாதிரி சுற்றிவிடுகிறது.

உங்களுடையது போல இரண்டிலும் ஒரே வகை வால்வு இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. வால்வைத் திறக்கும் திருகு இரண்டு பக்கமும் வெளியே வரும்படி வைத்தால், ஒரு சிலிண்டரின் வாய் மேலே பார்க்கும், மற்றதன் வாய் கீழே பார்க்கும். அதனால் வால்வைப் பார்த்துப் பட்டையின் கோணத்தை அளக்காதீர்கள். சிலிண்டரை விலாவில் அணைத்துவைத்து, உடம்பைத் தொடும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் கயிற்றைக் கொண்டுவாருங்கள். பட்டைக்குப் பதிலாக எஃகு ஹோஸ் கிளிப்பைப் போட்டிருப்பதைப் பார்த்தேன், நல்லது. வெட்டிய முனையின் மேல் சைக்கிள் டியூப்பை ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்சூட்டைக் கிழிக்கும், அப்புறம் தொடையை.

ஹோஸ்களைச் சிலிண்டரோடு படிய வைக்கவும் டியூப் வளையங்கள்தான். எங்கள் தெரு சைக்கிள் கடையில் பஞ்சர் போட முடியாமல் தூக்கிப் போட்ட டியூப்களை ஓசியிலேயே கொடுக்கிறார்கள்.

கிணற்றுத்தவளை, பிப்ரவரி 11

திமில் விஷயத்துக்கு வருகிறேன். தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகுத்தண்டின் மேல் ஈயம் வைக்க ஒரு பை வேண்டும். வெளியிலிருந்து வரவழைத்தால் வரியும் தபால் செலவும் சேர்ந்து பையின் விலையைத் தாண்டிவிடும். எனக்குத் தையல்காரர் போதும் என்று தோன்றியது.

புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அழகர் திருவிழாவுக்கு வேடம் கட்டுபவர்களின் உடுப்பெல்லாம் இவர்கள் கைவண்ணம். லாரிப் பட்டைத் துணியையும் அளவு எழுதிய தாளையும் நீட்டினேன். பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தச் சாமிக்கு?” என்று கேட்டார். விளக்கினேன். ஈயத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதைப் பற்றி நாம் பேசும்போது எதிரே இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாக விசாரித்தார்.

ஆனால் வேலை சுத்தம். நான்கு அறை, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. இரண்டு நாளில் கொடுத்தார், நான் சொன்னதைவிட ஓரத்தை அழகாக மடித்து.

கிணற்றுத்தவளை, பிப்ரவரி 25

மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: நூல். பருத்தி நூலில் தைத்துவிட்டார், நானும் கவனிக்கவில்லை. இரண்டு ஞாயிறு கிணற்றுத் தண்ணீரில் ஊறியதும் ஓர் அறை வாயைப் பிளந்து, அரைக் கிலோ ஈயம் கிணற்றின் அடியில் போய்ச் சேர்ந்தது. நைலான் நூல் என்று வாயைத் திறந்து கேளுங்கள். அந்த ஈயம் இன்னும் சேற்றில்தான் இருக்கிறது. தேடப்போனால் கிளம்பும் கலங்கலில் என் கையே எனக்குத் தெரியாது.

கிணற்றுத்தவளை, மார்ச் 10

ஏன் இரண்டு சிலிண்டரிலிருந்தும் மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும், ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் தெருவுக்கு வரும் பால்காரர் வண்டியில் பக்கத்துக்கு ஒரு கேன். அவர் ஒரு கேனை முழுக்க ஊற்றிவிட்டு அடுத்ததைத் திறப்பதே இல்லை. நாலு வீடு இந்தப் பக்கம், நாலு வீடு அந்தப் பக்கம். கேட்டால், இல்லாவிட்டால் வண்டி சாயும் என்பார். சைடுமவுண்ட் பாடத்தில் பாதியை அவர் நடத்திவிட்டார்.

கணக்காகச் சொன்னால் 30 பாருக்கு ஒருமுறை மாற்றினால் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 400 கிராம். உடம்பு அதைத் தாங்கும். ஒன்றை மட்டும் 50 பார் வரை இறக்கினால் 2 கிலோ வித்தியாசம், ஒருக்களித்துப் படுத்தபடி நீந்துவீர்கள். சாய்வைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: எந்த நேரத்தில் எந்த ரெகுலேட்டர் கெட்டாலும் மற்றதில் வீடுவந்து சேரும் அளவு காற்று இருக்க வேண்டும்.

சைடுமவுண்ட் முறையை வளர்த்தவர்களுக்குக் கிடைநிலையெல்லாம் பிறகு வந்த கவலை. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் வூக்கி ஹோல் என்ற குகை; 1935இலேயே கனத்த செம்புத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு அதற்குள் மூழ்கியிருக்கிறார்கள். பிறகு 1960களில் அந்த நாட்டுக் குகைக்காரர்கள் சேற்றில் தவழ்ந்து, இடுக்கில் நுழைந்து, நடுவில் தண்ணீர் நிரம்பிய சிறு தூரத்தை மட்டும் மூழ்கிக் கடக்கச் சிலிண்டரை முதுகிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டினார்கள். முதுகில் இருந்தால் பொந்துக்குள் நுழைய முடியாது, அவ்வளவுதான். அங்கிருந்து ஃபுளோரிடாவின் குகைகளுக்குப் போனபோதுதான் நீண்ட தூரம் நீந்த வேண்டிவந்தது, அடியில் வண்டலும் படிந்திருந்தது. காலைக் கொஞ்சம் தாழ்த்தினால் வண்டல் கிளம்பி வழி மறைந்துபோகும். அப்போதுதான் இந்த அங்குலக் கணக்குகளுக்கு உயிர்மதிப்பு வந்தது. என் கிணற்றில் வண்டல் கிளம்பினால் மாமா திட்டுவார், அதோடு சரி.

கிணற்றுத்தவளை, மார்ச் 31

நேற்று தூத்துக்குடி. உப்புக்காற்றின் சித்தப்பாவுடைய வள்ளத்தில் போனோம். தீவுகளின் பக்கம் திரும்பவில்லை; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

அவமானத்தை நானே எழுதிவிடுகிறேன், அவர் எழுதினால் கூட்டிச் சொல்வார். கிணற்றில் 2 கிலோவில் கிணற்றுச் சுவரின் கல்லைப்போல அசையாமல் கிடப்பவன் நான். அதே 2 கிலோவோடு கடலில் குதித்தேன். மூழ்கவில்லை. மூச்சை விட்டுப் பார்த்தேன், காற்றுப்பையைப் பிழிந்து பார்த்தேன், தக்கைபோல மேலேயே நின்றேன். சித்தப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மதுரைக்காரர் நீச்சல் பழகவா வந்தார் என்று கேட்டார்.

கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். நானும் என் மூட்டைமுடிச்சும் சேர்ந்து 110 கிலோ என்றால் கடலில் 2.7 கிலோ கூடுதலாக வேண்டும். ஆர்க்கிமிடீஸை எட்டாம் வகுப்பில் படித்தாயிற்று, தராசுக் கடையிலும் வளர்ந்தாயிற்று, இருந்தும் பையில் எடுத்துவைக்கவில்லை. உப்புக்காற்றிடம் இருந்ததை வாங்கிக் கட்டினேன். ஜனவரியில் ஈயத்தைக் கரையில் வையுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்தவன் நான்தான் என்பதை அவர் கேட்காமலேயே நினைவூட்டினார்.

ஆனாலும் அந்த உபதேசத்தை முழுதாகத் திரும்பப் பெற மாட்டேன். மூழ்குவதற்கு எவ்வளவு எடை என்பது ஒரு கணக்கு, கிடையாகக் கிடப்பதற்கு எடை எங்கே என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே ஈயக்கட்டியால் தீர்க்கப் பார்த்ததுதான் அவருடைய தவறு. முதல் கணக்கே இல்லாததுபோலப் பேசியது என்னுடையது.

கிணற்றுத்தவளை, மார்ச் 31, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. நேற்று உப்புக்காற்றைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நீந்தினேன். அவர் ஹார்னஸின் இடுப்புப் பட்டை தளர்ந்து ஒரு பக்கமாகச் சுழன்றிருந்தது. முன்பக்க டி வளையங்களில் ஒன்று தொப்புளுக்கு அருகே, மற்றது இடுப்பெலும்பின் மேல். இப்படி இருந்தால் சிலிண்டர்ப் பட்டையை எந்த அளவில் கட்டினாலும் இரு சிலிண்டரும் ஒன்றுபோல நிற்காது. உடம்பில் ஹார்னஸ் நிலைக்காதபோது சிலிண்டரைத் திருத்துவது, ஆடும் மேசையில் தராசை வைத்துப் படிக்கல்லைக் குறை சொல்வது. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மூன்று மாதம் அங்குலக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடுப்புப் பட்டையை மூச்சை இழுத்துக்கொண்டு இறுக்காதீர்கள், மூச்சை விட்டபின் இறுக்குங்கள். தோள்பட்டைகளில் கை நுழையும் அளவு தளர்வு இருக்கலாம். டி வளையங்கள் நிற்கும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் கோடு போடுங்கள், நகர்ந்தால் அடுத்த நாள் தெரியும். ஒரே நாளில் இரண்டு திருத்தம் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நான் செய்வேன், அதனால்தான் சொல்கிறேன்.

உப்புக்காற்று, ஏப்ரல் 3

இடுப்புப் பட்டையை இறுக்கிப் பார்த்தேன். மூன்று கோடு போட்டேன். போன வருடம் சர்க்கரைக்குப் பயந்து எட்டு கிலோ குறைத்தேன், ஹார்னஸிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கிணற்றுத்தவளை, ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் தோப்பறையைத் தோளில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சும் ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி நிறைந்த தோல்பையில் தண்ணீர் எப்போதும் தாழ்ந்த மூலைக்கு ஓடும். ஆள் குனிந்தால் ஒரு பக்கம், நிமிர்ந்தால் மறுபக்கம். நம் காற்றுப்பையில் இதே கூத்து தலைகீழாக நடக்கிறது. காற்று உயர்ந்த மூலைக்கு ஓடுகிறது. தலை சற்றே தூக்கினால் காற்று முழுவதும் தோளுக்குப் போய்த் தலையை மேலும் தூக்கும். கத்திமுனைக்கு மேலே கனம் ஏறிய துலாக்கோல் இப்படித்தான் கவிழும் என்கிறார் அப்பா. ஒரு குன்றிமணி விழுந்தாலும் முழுக்கச் சாய்ந்துவிடும்.

ஈயத்தைச் சரியாகக் கட்டினால் பையில் காற்று குறைவாகப் போதும், காற்று குறைந்தால் ஓடுவதும் குறையும். கூடுதல் ஈயம் கட்டுபவருக்கு நடப்பது இதன் மறுபக்கம்: ஈயத்தைத் தூக்கக் காற்று, காற்று ஓடுவதால் சாய்வு, சாய்வைத் திருத்த மேலும் ஈயம்.

தூத்துக்குடியில் சித்தப்பா சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவருடைய அப்பா முத்துக்குளித்தவர். கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு இறங்குவார்களாம். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட வேண்டும், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். இறங்கத்தான் எடை, வேலை செய்ய எடை எதற்கு என்றார். 1961க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நாம் கல்லைக் கட்டிக்கொண்டே வேலையும் செய்கிறோம்.

கிணற்றுத்தவளை, மே 19

இடது கொக்கிக் கயிற்றை அரை அங்குலம் குறைத்தேன். 60 பாரில் வால் விலாவோடு ஒட்டிக்கிடந்தது. கூடவே மார்பைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, முழங்காலை மடக்கிக் கிடந்தேன். படத்தில் தொடை இடுப்போடு ஒரே கோட்டில் வந்திருக்கிறது. இரண்டில் எது வேலை செய்தது என்று கேட்காதீர்கள். மார்ச்சில் எழுதியதை நான் இன்னும் படிக்கவில்லை.

கிணற்றுத்தவளை, ஜூன் 2

கயிற்றைப் பழைய நீளத்துக்கே கொண்டுவந்து, உடம்பை மட்டும் ஒழுங்காக வைத்துச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தேன். போய்ப் பார்த்தால் கிணற்றில் முழங்காலளவுத் தண்ணீர். மாமா ஒரு வாரமாகக் கரும்புக்குப் பாய்ச்சியிருக்கிறார். ஃபியூஸ் கட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது.

பிப்ரவரியில் விழுந்த அரைக் கிலோ ஈயம் சேற்றுக்கு மேலே தெரிந்தது. இறங்கி எடுத்துக்கொண்டேன். மழைக்குப் பிறகு எழுதுகிறேன்.